நீலம் ஏறாத மண்டி

கண்ணாடியில் ஒரு புள்ளி நீலம்கூட இல்லை.

அருமைநாயகம் குழலிலிருந்து கண்ணை எடுத்தான். முண்டு நுனியால் இமையைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தான். வெளியே மிதுன மாதத்து மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கும் பீர்க் கம்பெனியின் நிலவறைக்குள் வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மேலே கம்பி போட்ட சின்னச் சன்னல் வழியாகக் கரமனை ஆற்றில் செவ்வெள்ளம் போகிற இரைச்சல்தான் இறங்கி வந்தது, வெட்டுக்கல் சுவர் வேர்த்துச் சொட்டியது, புளித்த பார்லிச் சாறும் நனைந்த சாக்கும் ஐஸ் கட்டிமேல் போட்ட மரத்தூளும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறி நாக்கின் அடியில் போய்த் தங்கியது. பதினெட்டு வருஷமாக அங்கேயே தங்கியிருக்கிற நாற்றம். அதில் மாற்றம் இல்லை. மாற்றம் கண்ணாடியில்தான்.

பீர் பொங்குவதற்குப் போடும் சரக்கைத் துரை ஈஸ்ட் என்பார். கள்ளோடு பிறந்து வளர்ந்த இவர்களுக்கு அது மண்டி. கள்ளுக்குடத்தின் அடியில் படிகிற அதே மண்டி. அது உயிருள்ள சாமான். தின்னும், மூச்சு விடும், குட்டி போடும், சாகும். எத்தனை செத்தது என்று தெரிந்தால்தான் பீரைக் கட்டுக்குள் வைக்கலாம். அதற்குத்தான் இந்த மைக்ராஸ்கோப்புக் குழல். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, நீல மருந்து ஒரு சொட்டு விட்டு, கட்டம் போட்ட கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். செத்த மண்டி நீலத்தைக் குடித்துவிடும். உயிருள்ளது குடிக்காது, வெள்ளையாக, உருண்டையாக நிற்கும். நூறுக்கு எத்தனை நீலம் என்று எண்ணிப் புத்தகத்தில் எழுத வேண்டும். நாலு, ஐந்து என்றால் நல்லது. பத்தைத் தாண்டினால் ஐஸைக் கூட்டித் துரையைக் கூப்பிட வேண்டும்.

சைபர் என்று ஒரு நாளும் வந்ததில்லை. எந்தக் கூட்டத்திலும் நாலு பேர் செத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அவனுக்குக் கண் தெரிந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹார்ப்பர் துரை இந்தக் குழலைக் கப்பலில் வரவழைத்து அவனிடம் ஒப்படைத்த நாளிலிருந்து, அதற்குள் அவன் பார்த்ததெல்லாம் தன் இமைமயிரைத்தான். பாறசாலையில் பனையேறிக்கொண்டிருந்த பத்தொன்பதாம் வயதில் கருக்கு மட்டை வலது கண்ணைக் கிழித்தது. இடது கண் எட்டத்துக்கு உதவும், கிட்டத்துக்கு உதவாது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தொட்டி கழுவ வந்தவனுக்கு மேஸ்திரி வேலை கிடைத்திருக்கிறது. கண் தெரியாது என்று சொல்ல அவனுக்குப் பைத்தியமா? நுரையை மோந்து பார்ப்பான். தொட்டிப் பலகையில் காதை வைப்பான். பிறகு குழலுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் குனிந்திருந்துவிட்டு நாலு என்றோ மூன்று என்றோ எழுதுவான். பீர் கெட்டதில்லை. துரை முதுகில் தட்டிக்கொடுப்பார்.

பிறகு தாசையன் வந்தான்.

மனைவி ராஜபாயின் தம்பி. அவள் அழுது நச்சரித்ததால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அருமைநாயகம்தான் அவனை ஊரிலிருந்து கூட்டிவந்து தொட்டி கழுவச் சேர்த்துவிட்டான். வந்த இரண்டாம் வாரம் துரை சிரித்துக்கொண்டே, "நீயும் பாரேன்" என்றார். பையன் குனிந்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அத்தான்! ஒவ்வொண்ணும் முதுகுல குட்டியச் சொமந்துக்கிட்டு நிக்குது. அய்யோ, என்ன ஒரு சேலு, என்ன ஒரு அழகு!"

அந்தக் குரலை அருமைநாயகம் மறக்கவில்லை. நல்ல மீனைக் கண்ட பிள்ளையின் குரல். ஒன்பது வருஷத்தில் அவனுக்குக் கிடைக்காததை அந்தப் பயல் ஒரு குனிவில் எடுத்துக்கொண்டான். ஆறு மாதத்தில் குழல் அறைச் சாவி அவன் கழுத்துக்குப் போனது. வீட்டிலும் அப்படித்தான். குழம்பில் நடுத்துண்டு தம்பி தட்டுக்கு, வால் புருஷன் தட்டுக்கு. "அவன் கண்ணால வேல செய்யுதவன்லா" என்பாள் ராஜபாய்.

போன திங்கட்கிழமை தாசையன் செத்தான். மூன்றாம் தொட்டியில் மண்டி அள்ள இறங்கியபோது அடியில் தேங்கிக் கிடந்த காற்று அடித்துவிட்டது. பீர் பொங்கும்போது மண்டி விடுகிற மூச்சுதான் அது. கனமானது, கண்ணுக்குத் தெரியாது, ஆளை இரண்டு இழுப்பில் கீழே போட்டுவிடும். செவ்வாய்க்கிழமை ஊரில் அடக்கம். துரையே பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் அருமைநாயகத்துக்கு நெஞ்சில் எரிந்தது. என் பெட்டியைத் துரை தொடுவாரா?

புதன்கிழமை தொட்டியைக் கழுவிப் புதுச் சாறு நிரப்பினார்கள். பட்டாளத்து ஆர்டர், நிறுத்த முடியாது. இன்று வெள்ளி. சாவி இப்போது அருமைநாயகத்தின் அரைஞாணில்.

கண்ணும் தெரிகிறது. வட்டம் வட்டமாக, தண்ணீரில் கழுவின அரிசிபோல, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குட்டி. எல்லாம் வெள்ளை. ஒன்றுகூட நீலம் குடிக்கவில்லை.

அவன் புத்தகத்தில் சைபர் என்று எழுதினான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் கண்டதை எழுதினான்.

*

சாயங்காலம் துரை வந்து புத்தகத்தைப் பார்த்தார். சென்னையில் இருந்தபோது கற்ற தமிழில், "இது என்ன, மேஸ்திரி? சைபரா?" என்றார்.

"ஆமா துரை. ஒண்ணும் சாகல்ல."

துரை தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். உதடு அசைய எண்ணினார்.

"நாலு. இதோ, ஓரத்தில் ஒன்று. நடுக் கட்டத்தில் மூன்று. நீலம், நல்ல நீலம்." நிமிர்ந்தார். "தாசையன் பார்த்த உடனே சொல்லியிருப்பான்."

அருமைநாயகம் குனிந்து பார்த்தான். வெள்ளை. எல்லாம் வெள்ளை.

"புதன்கிழமை வரை பார்க்கிறேன்" என்றார் துரை. குரலில் கோபம் இல்லை, அதுதான் கெடுதல். "சரியாக எண்ணினால் சாவி உனக்கு. இல்லாவிட்டால் மதராஸுக்கு எழுதி ஆள் வரவழைப்பேன். நீ பழையபடி தொட்டி கழுவு."

பூட்ஸ் சத்தம் படியேறிப் போனது. ஒன்பது வருஷம் பொய் எழுதினான், நம்பினார். ஒரு நாள் நிஜம் எழுதினான், நம்பவில்லை. நாலு என்று எழுதிவிட்டால் தீர்ந்தது, அது அவனுக்குப் புதிதா என்ன? பேனாவை எடுத்தான். ஆனால் செத்தவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடிய அந்த நாலு நீலம் தன் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்கிற எரிச்சல் கையைப் பிடித்துக்கொண்டது. பேனாவை வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனான்.

மூன்றும் தேக்குத் தொட்டிகள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. வெளியே ஏணி, மேலே குறுக்குப் பலகை, உள்ளே இறங்க இன்னோர் ஏணி. முதல் இரண்டும் பொங்குகிற சத்தம் சோறு கொதிக்கிற சத்தம்; அதை அவன் தூக்கத்திலும் அறிவான். மூன்றாவதன் பலகையில் காதை வைத்தான்.

அது கொதிக்கவில்லை. சத்தம் நீளமாக ஏறியது. நின்றது. நின்ற இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் அளவுக்கு வெறும் அமைதி. பிறகு கரகரப்போடு இறங்கியது.

மூன்று வருஷம் தன் வீட்டு முன்னறையில் வாயைத் திறந்துபோட்டு ஒருத்தன் குறட்டை விட்டதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டவன் அவன். அந்த நடுவிடைவெளி அவனுக்கு மனப்பாடம்.

"என்ன மேஸ்திரி, தொட்டிகூடச் சொகம் விசாரிக்கிதீரா?"

துள்ளித் திரும்பினான். நேசமணி. அவனைவிடப் பத்து வயது மூத்த தொட்டிக் கூலி; தோளில் ஐஸ் சாக்கு, தாடையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"சத்தம் கேட்டீரா அண்ணாச்சி? இதுல என்னமோ மாத்தமிருக்கு."

நேசமணி காதை வைத்தார். "நல்லாத்தான பொங்குது. கொள்ளாம்." சாக்கை இறக்கிவிட்டு நின்றார். போகவில்லை. "ஒரு காரியம் கேக்கணும்னு நெனச்சேன். திங்கக்கெழம நான் சாலைக் கம்போளத்துல ஐஸ் எடுத்துட்டு வரும்பம் எல்லாம் முடிஞ்சு போச்சு. பொறவு மேல பலகையத் தூத்தேன். ரெண்டு தீக்குச்சி கெடந்துது."

"அதுக்கு?"

"வெளக்கு ஒரு குச்சியில பத்தல்லியாக்கும்?"

"மழ ஈரம்."

"ஆங். ஈரம்." நேசமணி மூக்கைச் சிந்திவிட்டுத் துண்டால் துடைத்தார். "ஈரமாத்தான் இருக்கும். பின்ன என்ன?"

*

காலியான தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் தகர விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். ஊரில் பாழுங்கிணற்றுக்குள் இறக்குகிற அதே வழக்கம். விளக்கு எரிந்துகொண்டு நின்றால் ஆள் இறங்கலாம். அணைந்தால் கூடாது, அடிக் கதவைத் திறந்துபோட்டு, ஓலைத் தட்டியால் வீசி, அடுத்த நாள் பார்க்க வேண்டும். விளக்கு பிடிக்கிறவன் பலகைமேல் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "நிக்குது." அந்த வார்த்தையை நம்பித்தான் கீழே உயிர்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் தாசையன் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"அத்தான், ஒம்பது வருசமும் நாலு, மூணு, நாலு, மூணு. மழக்காலத்துலயும் வேனல்லயும் ஒரே கணக்கு." நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குக் கொழல்ல ஒண்ணுமே தெரியல்ல, இல்லியா?"

அருமைநாயகம் தகர விளக்கின் திரியைக் கிள்ளினான்.

"சாரமில்ல அத்தான், போட்டும். தொரைகிட்ட நான் சொல்லுவனா? காதுல கேட்டே இத்தன வருசம் ஓட்டியிருக்கியளே, அதுவும் ஒரு தெறமதான்."

கேலி செய்திருந்தால் பொறுத்திருப்பான். பயல் இரக்கப்பட்டான். தன் சோற்றைத் தின்று வளர்ந்தவன், தான் கூட்டிவந்தவன், நடுத்துண்டு தின்கிறவன், இரக்கப்பட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து அருமைநாயகம் பலகைமேல் நின்று விளக்கை இறக்கினான். பாதித் தொட்டியில் சுடர் சுருங்கியது. நீலமாயிற்று. செத்தது.

கயிற்றை இழுத்துக்கொண்டான். தாசையன் வெளி ஏணியின் அடியில் நின்று தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். தொட்டிக்குள் நடப்பது அவனுக்குத் தெரியாது.

"அத்தான், வெளக்கு நிக்குதா?"

இரண்டாவது குச்சியைக் கிழித்தான். விளக்கைத் தொட்டி விளிம்புக்குக் கீழே, காற்று நல்லதாக இருந்த உயரத்தில் பிடித்துக்கொண்டான். வெளிச்சம் கூரையில் ஆடியது.

"நிக்குது. எறங்கு."

தாசையன் விசிலடித்துக்கொண்டே ஏறினான். விசிலடித்துக்கொண்டே உள்ளே இறங்கினான். விசில் நின்றது. "அத்தான், வெளக்கு…" என்று ஒரு குரல். பிறகு ஈரச் சாக்கு விழுகிற சத்தம். அருமைநாயகம் பழக்கதோஷத்தில் நூறு வரை எண்ணிவிட்டுத்தான் கூச்சல் போட்டான்.

தூக்கி எடுத்தபோது முகம் முழுக்க மண்டி. வாய் நிறைய மண்டி.

"அவன் விழுந்த மண்டியை ஆற்றில் கொட்டு. இரண்டாம் தொட்டி மண்டியைப் போடு" என்று சொல்லிவிட்டுத் துரை போனார். காற்று போன பிறகு அருமைநாயகம்தான் உள்ளே இறங்கினான். அடியில் முழங்கால் ஆழத்துக்கு வெண்ணெய்போல மண்டி. அதில் முகம் விழுந்த பள்ளம் அச்சடித்ததுபோல இருந்தது. நெற்றி. மூக்கு. திறந்த வாய். ஆற்றில் கொட்டத்தான் வாளியை எடுத்தான். ஆனால் கை நின்றுவிட்டது. அந்த மண்டி தாசையன் மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. கம்பெனியில் அதைப்போல் சரக்கு கிடையாது. யுத்தத்தில் புது மண்டி கப்பலில் வராது. முதல் பீர் தன் பேரில் நன்றாக வர வேண்டும். சாவி தன்னிடமே தங்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தான். வாய்ப்பள்ளத்தில் முதல் அள்ளு அள்ளினான். இரண்டாம் தொட்டிச் சரக்கு என்று துரையிடம் சொல்லிவிட்டு, அதையே புதுச் சாற்றில் கொட்டினான்.

*

சனிக்கிழமை சைபர். ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக வந்து பார்த்தான், சைபர்.

மருந்து கெட்டிருக்கும் என்று நினைத்தான். தொட்டி மண்டியில் ஒரு கரண்டி எடுத்துத் தகர டப்பாவில் போட்டு அடுப்பில் அரைமணி நேரம் கொதிக்க வைத்தான். கொதித்த பிறகு எந்த மண்டி உயிரோடு இருக்கும்? ஆறவைத்து, நீலம் விட்டு, குனிந்தான்.

வெள்ளை.

எல்லாம் குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

சாராயத்தில் ஊறப்போட்டான். சுண்ணாம்பைக் கலந்தான். வெள்ளை. பிடிவாதமான, கொழுத்த வெள்ளை. நீலத்துக்கு நடுவே ஒவ்வொன்றும் ஒரு கண்ணைப்போல அவனைப் பார்த்தது. விரல்களில் மருந்து வழிந்தது. சோப்பு போட்டான், சாம்பல் போட்டுத் தேய்த்தான். நீலம் போகவில்லை. நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை இனிப்பு பார்க்கிற மிதவையைத் தொட்டியில் விட்டான். சாற்றில் இனிப்பு குறையக் குறைய அது இறங்கும். கழுத்துவரை இறங்கியிருந்தது. இனிப்பு தீர்ந்துபோயிற்று. தின்ன ஒன்றுமில்லை என்றால் மண்டி பொங்குவதை நிறுத்தி அடியில் படிய வேண்டும். மூன்றாம் தொட்டி படியவில்லை. மூச்சு ஏறியது. நின்றது. இறங்கியது.

எதைத் தின்கிறது?

அன்று மாலை வீட்டில் ஜெபம். போதகர் வந்திருந்தார், ஊரிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். அடுப்படியில் ராஜபாய் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். மாவுப் பானை வாய்க்கு மேலே நுரைத்து விளிம்பில் வழிந்தது. கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமைதோறும் ஆப்ப மாவுக்கு ஒரு கிண்ணம் மண்டி வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம்.

"ஏது மண்டி? நான் கொண்டுவரல்லியே" என்றான்.

"தம்பி கொண்டாந்தது. அவன் போறதுக்கு மின்னத்த சனிக்கெழம." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒம்பது நாளாச்சு. எடுக்க எடுக்கப் பொங்குது. இஞ்ச பாருங்க, அவன் கைச்சரக்கு சாகவே இல்ல."

எல்லோர் முன்னாலும் அவன் தட்டில் ஒன்று வைத்தாள். தின்னாமல் இருக்க முடியாது. முதல் வாயில் புளிப்பு. இரண்டாம் வாயில், நாக்கின்மேல் ஏதோ மெல்ல உப்பியது. விழுங்கினான்.

ராஜபாய் அவன் முகத்தையே பார்த்தாள்.

"என்ன அது, உங்க உதட்டுல நீலம்?"

"மருந்து."

"நாக்கெல்லாம் நீலமா கெடக்கு. மருந்தக் குடிச்சியளாக்கும்?"

வந்திருந்தவர்கள் லேசாகச் சிரித்தார்கள். முன்னறை மூலையில் தாசையனின் பாய் சுருட்டி நின்றது. அவள் இன்னொரு தட்டில் நல்ல ஆப்பமாகப் பார்த்து இரண்டு எடுத்துவைத்து, அதை அந்தப் பாய்க்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். இப்போதும் அவனுக்குத்தான் நல்லது. இப்போதும்!

இரவு முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் மாவுப் பானை மூச்சு விட்டது.

*

செவ்வாய்க்கிழமை கடைசியாக ஒன்று தோன்றியது. மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேறு ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். ஆட்காட்டி விரலால் கன்னத்தின் உள்பக்கத்தை வழித்தான். எச்சிலைக் கண்ணாடியில் தேய்த்தான். ஒரு சொட்டு நீலம். குனிந்தான்.

நீலம்.

கட்டம் கட்டமாக நீலம். ஒன்றைக்கூட வெள்ளையாகக் காணவில்லை. தட்டையாக, கிழிந்த இலைபோல, ஓரம் சுருண்டு, அசையாமல் கிடந்தன. நூறு வரை எண்ணினான். நூற்றுக்கு நூறு. கண் நன்றாகத் தெரிந்தது. அவ்வளவு நன்றாக அதற்கு முன் எதுவுமே தெரிந்ததில்லை.

செத்தது நீலத்தைக் குடிக்கும்.

புத்தகத்தைத் திறந்து நாலு என்று எழுதினான்.  கை மணிக்கட்டு வரை நீலமாக இருந்தது.

*

புதன்கிழமை. மழை வெறிக்கவில்லை. காலையில் பீரைப் பீப்பாய்களில் இறக்கிப் பட்டாளத்து லாரியில் ஏற்றினார்கள். துரை ஒரு குவளை குடித்துப் பார்த்தார். கண்ணை மூடி நின்றார்.

"இதுவரை இப்படி வந்ததில்லை" என்றார். "மேஸ்திரி, சாவி உனக்கு."

அருமைநாயகம் காத்திருந்தான்.

"ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இது தாசையன் கை. ஆள் போனான், கை போகவில்லை."

குவளையை வைத்துவிட்டு அவர் படியேறினார். பாதிப் படியில் திரும்பினார். "மண்டியை வீணாக்காதே. உள்ளே இறங்க மற்றவர்கள் பயப்படுகிறார்கள். நீயே இறங்கு. நேசமணி விளக்குப் பிடிக்கட்டும்."

நிலவறையில் இரண்டு பேர். மூன்று தொட்டி. மற்ற இரண்டும் சோறுபோலக் கொதித்தன. மூன்றாவது காலி. காலித் தொட்டிக்குச் சத்தம் கிடையாது.

ஏறியது. நின்றது. இறங்கியது.

"கேக்குதா அண்ணாச்சி?"

"மழதான்" என்றார் நேசமணி. அவர் ஏறிப் பலகையில் நின்றார். அருமைநாயகம் துவர்த்தைத் தலையில் கட்டினான். மரக் கரண்டியை எடுத்தான். ஏணியில் ஏறி அவர் பக்கத்தில் நின்றான்.

நேசமணி தீப்பெட்டியைத் திறந்தார். ஒரு குச்சி. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிழித்தார். முதல் குச்சியிலேயே பற்றியது. கயிற்றை விட்டார். விளக்கு ஆடிக்கொண்டே இறங்கியது.

கால் தொட்டி. பாதித் தொட்டி.

"அணைஞ்சாச்சு" என்றார் நேசமணி. "எறங்கப்பிடாது ஓய். நாளைக்குப் பாப்பம்."

அருமைநாயகம் எட்டிப் பார்த்தான்.

அணையவில்லை. எரிந்துகொண்டிருந்தது. சுடர் நீட்டி, ஆடாமல், மஞ்சளாக நின்றது. அதன் வெளிச்சத்தில் தொட்டியின் அடி முழுக்கத் தெரிந்தது. வெண்ணெய்போல மண்டி. ஒருத்தரும் இறங்காத, ஒரு கையும் படாத மண்டி.

அதில் ஒரு பள்ளம்.

நெற்றி. மூக்கு. வாய்.

வாய்ப்பள்ளத்தில் ஒரு குமிழி உப்பியது. நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. உடைந்தது.

"எரியுதே" என்றான்.

"எங்க எரியுது? கண்ணு மங்கியிருக்கு உமக்கு." நேசமணி கயிற்றை மளமளவென்று மேலே இழுத்தார். விளக்கை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். கரிந்த திரி. புகை. "பாரும். நான் ரெண்டாங்குச்சி கிழிக்க மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

குமிழி உப்பியது. நின்றது. உடைந்தது.

அதற்குள்ளிருந்து, நல்ல மீனைக் கண்ட பிள்ளையின் குரலில், சந்தோஷமாக.

"அத்தான், நிக்குது. எறங்குங்க."

அவன் நீலக் கை உள் ஏணியின் முதல் படியைப் பிடித்தது. கால் எழுந்தது. தோளை யாரோ இழுத்தார்கள். "மேஸ்திரி! ஓய்! மேஸ்திரி!"

விளக்கு நேசமணியின் கையில் அணைந்து புகைந்துகொண்டிருந்தது.

கீழே வெளிச்சம் நின்றது.